அய்யா வாசித்த பதினோரு கடிதங்கள்

எங்கள் அய்யாவுக்கு வாசிக்கத் தெரியாது என்பது எனக்குப் பதினெட்டு வயதில்தான் தெரிந்தது. அதுவரை எங்கள் தெருவிலேயே அழகாகக் கடிதம் வாசிக்கிறவர் அவர்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அய்யா தூத்துக்குடி துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிட்டங்கியில் மார்க்கு போடுகிற வேலை பார்த்தார். தோணியில் ஏற்றுவதற்கு முன்னால் சரக்கெல்லாம் அந்தக் கிட்டங்கியில்தான் வந்து அடுக்கிக் கிடக்கும். அவுரி இலை, பனந்தும்பு, வத்தல், கருவாடு. எது யாருடைய சரக்கு என்று தெரிவதற்காக ஒவ்வொரு வியாபாரிக்கும் ஒரு மார்க்கு உண்டு. ஒருத்தருக்கு வட்டத்துக்குள் ஓர் எழுத்து, ஒருத்தருக்குச் சாய்சதுரத்துக்குள் இரண்டு எழுத்து. பனமட்டை நுனியை நசுக்கிச் செய்த பிரஷைக் கருப்பு மையில் தோய்த்து, அந்த மார்க்கைச் சாக்கின் மேல் எழுதுவதுதான் அய்யாவின் வேலை. முப்பது வருசத்துக்கு மேலாக எழுதினார். அவர் போடும் வட்டம் அளந்து போட்டதுபோல் இருக்கும். நாள் பூராவும் எழுதுகிற மனிதருக்கு வாசிக்கத் தெரியாது என்று யாருக்குத் தோன்றும்? எனக்குத் தோன்றவில்லை.

என் அண்ணன் யுத்தகாலத்தில் கொழும்புக்குப் போய் ஒரு சரக்குக் கடையில் வேலைக்கு இருந்தான். அங்கிருந்து பதினோரு கடிதம் எழுதினான். கடிதமெல்லாம் கிட்டங்கி விலாசத்துக்குத்தான் வரும். அய்யா சாயங்காலம் வேலை முடிந்து வந்து கால் கழுவிவிட்டு, மடியிலிருந்து கடிதத்தை எடுப்பார். நான் விளக்கை ஏற்றிக்கொண்டு வருவேன். அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு வந்து சுவரோரம் உட்காருவாள். அய்யா தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு, அண்ணன் பேசுகிற மாதிரியே வாசிப்பார். அண்ணனுக்குக் கொஞ்சம் அவசரப் பேச்சு. அந்த அவசரம்கூட அய்யா குரலில் வரும்.

எந்தக் கடிதமாக இருந்தாலும் கடைசி வரி ஒன்றுதான். "தங்கச்சிக்குத் தலைவலி தேவலையா."

எனக்கு ஒன்பது வயதிலிருந்து ஒற்றைத் தலைவலி உண்டு. வந்தால் வெளிச்சமே ஆகாது. படிப்பதால்தான் வருகிறது என்று எல்லாரும் சொன்னதால் மூன்றாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். நிறுத்திய பிறகும் தலைவலி நிற்கவில்லை. அண்ணன் ஊரில் இருந்தவரை அவன்தான் சுக்கு உரசி என் நெற்றியில் பத்துப் போடுவான். எரியும். "கத்தாத, கத்தினா இன்னும் எரியும்" என்பான். அவன் போன பிறகு அந்தக் கடைசி வரிக்காகத்தான் நான் கடிதத்துக்குக் காத்திருந்தேன். அம்மாவுக்கும் அய்யாவுக்கும் உள்ளதெல்லாம் முடிந்து, எனக்கென்று ஒரு வரி. அதைக் கேட்டதும் விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன். முகத்தைக் காட்ட வெட்கமாக இருக்கும்.

பன்னிரண்டாவதாக வந்தது தந்தி. காய்ச்சலில் இறந்துபோனான். அங்கேயே எல்லாம் முடித்துவிட்டார்கள். போய்ப் பார்க்க அப்போது வழியில்லை. எங்களுக்கு அழுவதற்கு ஒரு மண்மேடுகூட ஊரில் கிடையாது. அதனால் அய்யா பழைய கடிதங்களை மறுபடி வாசிக்க ஆரம்பித்தார். தினம் சாயங்காலம் ஒன்று. பதினொன்றும் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாம் வருவதை நிறுத்திய பிறகும் நாங்கள் மூன்று பேரும் விளக்கடியில் உட்கார்ந்துகொண்டிருந்தோம்.

ஏழெட்டு மாதம் கழித்து அய்யா கிட்டங்கியில் ஒரு தப்புச் செய்தார். நாற்பது அவுரி மூட்டையில் கருவாட்டுக்காரர் மார்க்கைப் போட்டுவிட்டார். அப்படி அவர் செய்ததே இல்லை. தோணியில் ஏற்றுவதற்குள் கணக்கப்பிள்ளை பார்த்துவிட்டதால் சரக்குத் தப்பியது. முதலாளி கோபப்படவில்லை. "அண்ணாச்சி, பிள்ளைய பறிகுடுத்த மனசு. கொஞ்ச நாளு வீட்ல இரும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். மறுநாள் காலையில் அய்யா வழக்கம்போல் பிரஷை எடுத்துக்கொண்டு கிட்டங்கிக்குப் போனார். அதற்கடுத்த நாளும் போனார். கணக்கப்பிள்ளைதான் இரண்டு நாளும் கூட்டிக்கொண்டு வந்து விட்டார். இரண்டாம் நாள் போகும்போது அம்மாவிடம் மெதுவாக, "ஒரு கண்ணு வச்சுக்கோங்க மதினி" என்றார்.

அந்த வாரம்தான் ஒரு சாயங்காலம் அய்யா தேயிலைக் கறை பட்ட கடிதத்தை எடுத்தார். கூரை ஒழுகி, அண்ணன் பானையை வைத்துவிட்டுப் பக்கத்தில் படுத்த கதை அதில்தான் வரும். பதினோரு கடிதமும் எங்களுக்கு அவ்வளவு பழக்கம். ஆனால் அய்யா அதைப் பிடித்துக்கொண்டு, அண்ணன் புதுக்குடை வாங்கிய கதையைச் சொன்னார்.

அம்மா சொன்னாள்: "கொடை நீலக் கடுதாசில உள்ளதுல்லா?"

"எனக்குத் தெரியாதா? இதுலதான் இருக்கு."

"இது பானை வச்சதுங்க."

"நீயா வாசிக்க? நானா வாசிக்கேன்?" அய்யா தாளை மடித்துத் தகரப் பெட்டியில் போட்டு மூடிவிட்டார்.

அவர் தாளைப் பிடித்திருந்தபோது நான் அவருக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். கறைக்குப் பக்கத்தில் "பானை" என்ற சொல் நன்றாகத் தெரிந்தது. கடையில் மடித்துத் தருகிற காகிதத்தை எல்லாம் எழுத்துக்கூட்டிப் படித்துப் படித்து அந்த அளவுக்கு வாசிப்பு எனக்குத் தங்கியிருந்தது. ஆனாலும் கடிதப் பெட்டியை நான் தொட்டதில்லை. அது அய்யா வாசிக்கிறது. அவர் இருக்கும்போது நாம் எதற்கு என்று எப்போதும் இருந்துவிட்டேன்.

மறுநாள் பின்வாசலில், அய்யாவுக்கு வாசிக்கத் தெரியாதா என்று அம்மாவிடம் கேட்டேன். அவள் மீனைக் கழுவிக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்.

"தெரியாதுன்னு கல்யாணம் ஆன வருசமே எனக்குத் தெரியும். எழுத்தோட படந்தான் அவருக்குத் தெரியும், அது பேசுறது தெரியாது. கணக்கப்பிள்ள மத்தியானம் மூட்டைக்குப் பின்னால வச்சு ஒருதரம் வாசிச்சுச் சொல்லுவாரு. ஒருதரம் கேட்டாப் போதும் உங்க அய்யாவுக்கு. ஒரு சொல்லு மாறாது. தாளப் பாத்தா எது எதுன்னு கண்டுபிடிச்சிருவாரு. கறை பட்டது, நீலம், மூலை கிழிஞ்சது, முத்திரை குத்துனது."

"அப்ப ஏன் வாசிக்க மாதிரி..."

"மகன் எழுதுன கடுதாசிய தகப்பன் வாசிக்கணும்லா. நீ ஒண்ணும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிடாத." மீன் கழுவிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, "இப்பம் அந்த ஞாபகமும் போகுது. இனி எதப் பிடிச்சு வாசிப்பாரு" என்றாள்.

மூட்டைக்கு மூட்டை மார்க்கை வைத்துச் சரக்கைத் தெரிந்துகொள்கிற மாதிரி, கடிதத்தையும் கறையை வைத்துத் தெரிந்துகொண்டிருக்கிறார். அவுரியில் கருவாட்டு மார்க்கைப் போட்டதும், கறைக் கடிதத்தில் குடையைச் சொன்னதும் ஒரே தப்புதான் என்று அப்போது விளங்கியது.

அன்றைக்கு அய்யா குளிக்கப் போயிருந்தபோது பெட்டியைத் திறந்து பதினொன்றையும் வாசித்தேன். மெதுவாகத்தான் முடிந்தது. பானை, குடை, முதலாளி மனைவி கொடுத்த இடியாப்பம், எல்லாம் அய்யா சொன்னபடியே இருந்தது. தலைவலி மட்டும் இல்லை. ஒன்றில்கூட இல்லை. "வீட்டில் எல்லாரும் நலமா" என்று இருந்தது. அந்த எல்லாரில் நானும் இருந்திருப்பேன்.

என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். செத்துப்போன அண்ணன் மேல் எனக்குக் கோபம் வந்தது. ஒரு வாரம் இருந்தது. பதினோரு கடிதம் எழுதியிருக்கிறாய், இடியாப்பத்துக்கு மூன்று வரி எழுதியிருக்கிறாய், என் தலைக்கு ஒரு வரி எழுதக் கூடாதா என்று மனசுக்குள் சண்டை போட்டேன். செத்தவனோடு சண்டை போடுகிறோமே என்று பிறகு அழுதேன். அய்யா மேல் கோபம் வரவில்லை. அது ஏன் என்று இப்போதும் யோசிக்கிறேன்.

சாயங்கால வாசிப்பு நின்றுபோனது. விளக்கை ஏற்றி வைத்தால் அய்யா பெட்டியைப் பார்ப்பார், எடுக்க மாட்டார். "கண்ணு கூசுது" என்பார். ஒரு நாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டுக் கறைக் கடிதத்தை நீட்டினார்.

"ஏளா, இதுல என்ன இருக்குன்னு சொல்லு."

வாசித்தேன். பானை வரையில் வாசித்து, "எல்லாரும் நலமா" என்பதையும் வாசித்து, "இப்படிக்கு" என்று முடித்தேன். அய்யா கண்ணை மூடிக் காத்துக்கொண்டிருந்தார்.

"அவ்வளவுதானா?"

நான் தாளைப் பார்த்துக்கொண்டே, "தங்கச்சிக்குத் தலைவலி தேவலையா" என்று சொன்னேன். அவர் முகம் இளகியது. அவர் இத்தனை வருசம் செய்ததை நானும் செய்துவிட்டேன்.

"சரியா வாசிக்க" என்றார் அய்யா. "ஆனா உங் குரலுல்லா கேக்குது. நாஞ் சொல்லும்போது அவன் பேசுவான். என் வாயில இருந்துதான் வருவான். இப்பம் ஒவ்வொண்ணா உதிருது, நேத்து ஒரு கடுதாசி பூராம் போயிட்டு. எனக்கு எழுத்து படிச்சுக் குடு. தாளப் பாத்தாலே வரணும். மண்டையில இருந்து வர வேண்டாம்."

இப்படித்தான் மூன்றாம் வகுப்பு வரை படித்த நான் அறுபதை நெருங்குகிற மனிதருக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தேன். பிய்ந்த சாக்கைத் தரையில் விரித்து, அவருடைய பிரஷாலேயே எழுதச் சொன்னேன். அவர் எழுத்துக்குப் பக்கத்தில் என் எழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும். எழுதுவதில் கஷ்டமே இல்லை. கஷ்டம் வேறு.

"இது என்ன அய்யா?"

"அவுரிக்காரர்."

"அது 'க'."

"க. சரி. அவுரிக்காரரு 'க'."

அவருக்கு ஒவ்வொரு எழுத்தும் ஒரு வியாபாரி. முப்பது வருசமாக அந்த எழுத்தைப் பார்த்தால் அந்த ஆளின் முகமும் சரக்கின் வாசனையும் வருமே தவிர, சத்தம் வராது. நான் "கடல்" என்று எழுதிக் காட்டினேன். அய்யா ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது இருக்காது."

"ஏன் அய்யா?"

"அவுரிக்காரரு, தும்புக்காரரு, கருவாட்டுக்காரரு. மூணு பேரும் ஒரே மூட்டையில நிக்க மாட்டாவ. தும்புக்காரருக்கும் கருவாட்டுக்காரருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது."

அம்மா உள்ளேயிருந்து சிரித்தாள். அண்ணன் போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் கேட்டேன். "அவங்கள ராசியாக்கி வையுங்க, அப்பந்தான் பாடம் நடக்கும்" என்றாள். அது நிஜமாகவே வழியாக இருந்தது. "இன்னைக்கு மூணு பேரும் சேந்து கடலுக்குப் போறாவ" என்று சொல்லிக் கொடுத்தேன். அடுத்த நாள் மறக்கவில்லை.

பக்கத்து வீட்டு மதினிக்கு இது பொறுக்கவில்லை. வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்ன மாமா, பரிச்சை எப்பம்? பாஸ் ஆனா உத்தியோகம் குடுப்பாவளோ?" என்பாள். ஒரு நாள் கொஞ்சம் அக்கறையாகவே சொன்னாள். "இந்த வயசுல படிச்சா மூளை சூடாயிரும். உங்க மவளுக்குப் படிச்சுத்தானே தலவலி வந்துச்சு."

"என் மூளை ஏற்கெனவே ஆறிட்டு வருது" என்றார் அய்யா. "சூடானா நல்லதுதான்."

படித்ததால் மறதி போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். போகவில்லை. சாப்பிட்டதை மறந்து மறுபடி தட்டை எடுத்து வைப்பார். என்னை என் அத்தை பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். ஆனால் படிக்கிற நேரத்தில் மட்டும் முழுசாக இருப்பார், முன்னே போலவே. பாடம் முடிந்த பிறகும் அது கொஞ்ச நேரம் தங்கும். மழை பெய்து சாக்கு நனைந்து மூன்று நாள் பாடம் நின்றபோது அந்த மூன்று நாளும் மங்கலாகவே கிடந்தார். நான் கண்ணால் பார்த்தது அவ்வளவுதான்.

இன்னொன்றும் பார்த்தேன். ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் கடற்கரைப் பக்கம் போய்விட்டார். அம்மாவும் நானும் ஆளுக்கொரு தெருவாக ஓடினோம். திரும்பி வந்து பார்த்தால் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருக்கிறார்.

"எப்படி வந்திய?" என்றாள் அம்மா, மூச்சு வாங்க.

"வழி மறந்துட்டு. கடைப் பலகைய எல்லாம் வாசிச்சுக்கிட்டே வந்தேன். சைக்கிள் கடை வந்தா அடுத்தது வைத்தியசாலைன்னு தெரியும்லா." கொஞ்சம் பெருமையோடு சேர்த்துக்கொண்டார்: "மிட்டாய்க் கடைக்காரன் பலகையில ஒரு எழுத்து கோணலு. நான் எழுதிருந்தா அப்படி வராது."

ஆறு மாதம் ஆனது. ஒரு சாயங்காலம், நான் கேட்காமலே, அய்யா தகரப் பெட்டியை எடுத்து வந்து விளக்கடியில் உட்கார்ந்தார். கறைக் கடிதத்தை விரித்தார். அம்மா சுவரோரம் வந்து உட்கார்ந்தாள். அய்யா விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தார். அண்ணனின் அவசரம் அதில் இல்லை. கூரை ஒழுகுவதற்கே வெகுநேரம் ஆனது. பானைக்கு வந்தபோது அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னும் நாலு வரிதான் இருந்தது.

"எல்... லாரும் நலமா. இப்... படிக்கு." விரல் அண்ணன் பெயரைத் தாண்டிக் கீழே வெற்றுத் தாளில் போனது. நின்றது. தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"அது எங்க?"

"எது அய்யா?"

"தலவலி."

அவர் நீலத் தாளை எடுத்துக் கடைசியை மட்டும் வாசித்தார். மூலை கிழிந்ததை எடுத்தார். முத்திரை குத்தியதை எடுத்தார். பதினொன்றையும் பார்த்து முடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ வாசிச்சப்ப இருந்துச்சே. கிழிச்சிட்டியளா யாரும்?"

இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். இன்னொரு கடிதம் உண்டு, தொலைந்துபோனது என்று சொல்லலாம். ஆனால் அவர் வேர்க்க வேர்க்க எழுத்தைக் கூட்டி இவ்வளவு தூரம் வந்திருக்கிறார். தாளில் இருப்பதை நம்பி வந்த மனிதரிடம், தாளை நம்பாதீர்கள் என்று எப்படிச் சொல்வது? அதே சமயம், மகன் தங்கையைக் கேட்கவே இல்லை என்று சொன்னால், அவரிடம் மிச்சமிருக்கிற மகனிலும் கொஞ்சம் எடுத்துவிடுவேனோ என்று இருந்தது.

"அண்ணன் எழுதல அய்யா. நீங்கதான் சொல்லுவிய. அன்னைக்கு நானும் சும்மா சேத்துச் சொன்னேன்."

அம்மா என்னை முறைத்தாள். நான் சொன்னது அய்யாவுக்குள் போய் எங்கேயாவது ஒட்டுகிறதா என்று தேடுகிற மாதிரி உட்கார்ந்திருந்தார். அவர் சேர்த்தது அவருக்கே ஞாபகம் இல்லை. எத்தனையோ உதிர்ந்துபோன மண்டையில், அண்ணன் அதைக் கேட்டான் என்பது மட்டும் உதிரவில்லை.

"கேக்காம இருக்க மாட்டான்" என்றார் கடைசியில். "பத்துப் போட்ட பய. கடை அவசரத்துல எழுதாம விட்டிருப்பான்."

மறுநாள் காலையில் எழுந்து பார்க்கிறேன், முற்றத்து வெயிலில் பதினோரு கடிதமும் வரிசையாக விரித்துக் கிடக்கிறது. ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிப்பி, காற்றில் பறக்காமல் இருக்க. அய்யா குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். ஈர்க்குச்சியைச் சீவி மையில் தோய்த்து, பதினோராவது தாளின் அடியில் எழுதிக்கொண்டிருந்தார். சின்ன எழுத்து அவருக்கு வராது. மூட்டைக்கு எழுதுகிற எழுத்து. சிலதில் இடம் போதாமல் ஓரத்தில் ஏறிப் போயிருந்தது. எல்லாவற்றிலும் ஒரே வரி. முப்பது வருசமாக எழுதிய மனிதர், பாடத்துக்கு வெளியே, என்ன எழுதுகிறோம் என்று தெரிந்து எழுதியது அதுதான் முதல் தடவை.

வாசல் பெருக்கிவிட்டு அம்மா விளக்குமாற்றோடு வந்து நின்றாள். "இது என்ன கருவாடா, காயப் போட்டிருக்கிய?"

"மிதிச்சிராத. மை காயல."

என்னைப் பார்த்ததும் பக்கத்தில் கூப்பிட்டார். கறைக் கடிதத்தின் அடியில் விரலை வைத்து, எழுத்துக்கூட்டி வாசித்தார். "தங்... கச்சிக்குத். தலை... வலி. தேவ... லையா." வாசித்து முடித்து, என் முகத்தையே பார்த்தார். கடிதம் வந்த காலத்தில் அந்த வரிக்கு நான் பதில் சொன்னதே இல்லை. விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன். இப்போது எடுத்துக்கொண்டு போக விளக்கும் இல்லை. நல்ல வெயில்.

"இன்னைக்கு இல்ல அய்யா" என்றேன். "நேத்துக் கொஞ்சம் இருந்துச்சு."

"சுக்கு இருக்கா வீட்ல?" என்று அம்மாவிடம் கேட்டார்.